தத்ரூப உதவியாளர் (தற்காலிகம்)

மொக்கச்சாமியின் இடது காலில் இல்லாத மூன்று விரல்களும் அன்று விடிந்ததிலிருந்தே வலித்தன. இருக்கிற இரண்டும் சும்மாதான் இருந்தன. போடிமெட்டில் மஞ்சு இறங்கி ஏலக்காட்டை மூடினால் இந்த வலி வந்துவிடும். இருபத்தைந்து வருடமாக வருகிறது. வெட்டிப் போட்ட விரலுக்கு எந்தத் தைலத்தை எங்கே தேய்ப்பது என்று எஸ்டேட் கம்பவுண்டருக்கும் தெரியவில்லை. வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும் என்று ஏலக்காய் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பான்.

விரல்கள் போனது அறுபத்திரண்டில், வடக்கே பனிமலையில் நடந்த சண்டையில். குண்டு பட்டுப் போகவில்லை. கான்வாஸ் சப்பாத்துக்குள் விறைத்து, கறுத்து, சப்பாத்தைக் கழற்றியபோது அதோடு வந்துவிடும்போல் இருந்தன. பொட்டிபுரத்து மொக்கச்சாமியோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்த ராசிங்காபுரத்துக் கன்னையன் விரல் விரலாகப் போகாமல் முழுசாகவே போய்விட்டான். கன்னையன் செத்ததைக் கண்ணால் பார்த்தவன் உலகத்தில் மொக்கச்சாமி ஒருவன்தான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூரதேசத்தில் ஒருவன் செத்து உடம்பு வராவிட்டால், பார்த்தவன் வந்து வாசலில் நின்று கேதம் சொல்ல வேண்டும். செத்தவன் பேர், செத்த நாள், கடைசியாக அவன் சொன்ன சொல். மூன்றையும் சொன்ன பிறகுதான் வீட்டார் வாய்விட்டு அழலாம், பதினாறாம் நாள் கருமாதி செய்யலாம். கருமாதியன்று கேதம் சொன்னவனுக்குக் கோடிவேட்டி எடுத்துக் கொடுப்பார்கள். தந்தியைக் கேதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தந்திச் சேவகன் எதையும் பார்க்கவில்லை. கன்னையனைப் பெற்ற முத்துப்பேச்சிக்குத் தந்தி வந்தது, கேதம் வரவில்லை. அதனால் அவள் கருமாதி செய்யவில்லை. ஊர் கேட்க ஒரு நாளும் அழவும் இல்லை.

பட்டாளத்திலிருந்து திரும்பிய அன்று மொக்கச்சாமி ராசிங்காபுரம் விலக்கில் பஸ்சை விட்டு இறங்கினான். முத்துப்பேச்சி வீட்டுக் கூரை தெரிகிற தூரம்வரை நொண்டிக்கொண்டே நடந்தான். அங்கிருந்து திரும்பி அடுத்த பஸ்சில் போடிக்கு வந்து, ஜீப்பில் தொற்றி மலையேறிவிட்டான். அதற்குப் பிறகு அந்த விலக்கில் இறங்கவே இல்லை. ஏன் என்று கேட்ட ஒரே ஆள் பெண்டாட்டி சுருளியம்மாள். கால் வலிக்கிறது என்று அவளிடம் சொல்லிவைத்தான்.

எண்பத்தேழாம் வருடம் ஐப்பசியில், தேசபக்தித் தொடர் தயாரிப்பு வாரியம் போடிக்கு வந்து பயணியர் பங்களா முழுவதையும் எடுத்துக்கொண்டது. டி.வி.யில் பதின்மூன்று வாரம் ஓடுகிற போர்த்தொடர் ஒன்றை எடுப்பது அதன் வேலை. நிஜமான பனிமலையில் குளிர் அதிகம் என்பதால் போடிமெட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

வாரியத்தில் இரண்டு பிரிவுகள். ஒன்று தத்ரூபப் பிரிவு. இன்னொன்று உருக்கப் பிரிவு. போர்த்தொடர் என்றால் பார்க்கிறவன் முதலில் நம்ப வேண்டும், நம்பிய பிறகு அழ வேண்டும் என்று மேலிடத்திலிருந்து எழுத்தில் வந்திருந்தது. நம்பவைப்பது முதல் பிரிவின் பொறுப்பு, அழவைப்பது இரண்டாவதன் பொறுப்பு. நம்பாமலே ஒருவன் அழுதுவிட்டால் அந்தப் பெருமை எந்தப் பிரிவைச் சேரும் என்பதில் இரண்டு அதிகாரிகளுக்கும் தகராறாகிப் பேச்சு நின்றுபோயிருந்தது. ஒரே பங்களாவில் அடுத்தடுத்த அறையில் இருந்துகொண்டு தபாலில் பேசிக்கொண்டார்கள்.

சண்டையில் இருந்த முன்னாள் சிப்பாய் ஒருவர் தேவை என்று மார்க்கெட்டில் தட்டி வைத்ததும் மொக்கச்சாமி கீழே இறங்கி வந்தான். வேலைக்காக வரவில்லை. கொடைக்கானலில் கோபுரம் நட்டு, ராசிங்காபுரம் பஞ்சாயத்துக்குக்கூட டி.வி. பெட்டி வந்திருந்தது. கன்னையன் செத்ததை அந்தப் பெட்டி சொல்லிவிட்டால் தான் போய் அந்த வாசலில் நிற்க வேண்டியதில்லை. பெட்டிக்கு வாய் இருக்கிறது, முகம் பார்த்துக் கேட்க முடியாது. இதைத்தான் அவன் மலையிலிருந்து இறங்கும்போது பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் யோசித்துக்கொண்டு வந்தான்.

தத்ரூப அதிகாரி ஒல்லியான ஆள். பேனாவைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒரு படிவத்தை நீட்டினார். அதில் பதினான்காவது கேள்வி, விண்ணப்பதாரர் போரில் இறந்தவரா, ஆம் அல்லது இல்லை. மொக்கச்சாமி இல்லை என்று எழுதியதும் அதிகாரியின் முகம் சுண்டியது. இறந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்றும், ஆனால் இதுவரை யாரும் விண்ணப்பிக்கவில்லை என்றும் சொன்னார். பிறகு டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இது நீங்கள் பட்டாளத்திலிருந்து வெளியே வந்ததற்குத்தான் சான்று, சண்டை நடந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டார்.

மொக்கச்சாமி தாலுகா ஆபீசுக்குப் போனான். மூன்று நாள் உட்காரவைத்து ஒரு காகிதம் கொடுத்தார்கள். மேற்படி ஆண்டில் இந்தத் தாலுகா எல்லைக்குள் சண்டை எதுவும் நடந்ததாகப் பதிவேட்டில் இல்லை என்று அதில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பங்களா வாசலில் அரை நாள் தயங்கி நின்றான். அதிகாரி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சீல் தெளிவாக விழுந்திருக்கிறது. எந்தச் சண்டை நடக்கவில்லை என்று இதில் எழுதியிருக்கிறதோ அந்தச் சண்டைக்கு இதைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

அன்றே அவனைத் தத்ரூப உதவியாளராக, தற்காலிகமாக, நியமித்துவிட்டார்கள். எது தத்ரூபமாக இல்லையோ அதை மூன்று பிரதியில் எழுதிக் கொடுக்கலாம், வாயால் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை.

கதாநாயகன் பெயர் லான்ஸ் நாயக் விஜயன். பனியில் கால்விரலை இழந்து, செத்த தோழனின் சேதியை ஊருக்குக் கொண்டுவருகிறவன். படித்துக் காட்டியபோது இது நான்தானே என்று மொக்கச்சாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வேஷத்துக்கு ராஜாராமைப் போட்டிருந்தார்கள்.

ராஜாராம் போடி மார்க்கெட்டில் விடிகாலையில் எஸ்டேட் ஜீப்புகளுக்கு ஆள் கூவி ஏற்றுகிறவன். பங்குனி நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுவான். மொக்கச்சாமிக்கு முறையில் மாப்பிள்ளை ஆக வேண்டும். வடக்கே அவன் போன அதிகபட்ச தூரம் திண்டுக்கல். சட்டைக்கு அளவெடுத்த தையல்காரர் மார்பளவைச் சத்தமாகப் படித்தார். அதைக் கேட்டு, நல்ல சதைப்பற்றுள்ள மனிதரான உருக்க அதிகாரி, இவர் இறந்தால் நாடு அழும் என்று சொன்னார். விஜயன் கதையில் சாகவில்லை என்று நினைவுபடுத்தினார்கள். அது ஒரு குறைதான் என்று ஒப்புக்கொண்டார்.

ராஜாராமுக்கு வாரியம் கம்பளிக் கோட்டு கொடுத்தது. ரோமம் வைத்த பூட்சு கொடுத்தது. இரண்டு கையுறை, ஒரு மஃப்ளர், இரட்டை மடிப்புக் கம்பளி ஒன்று. மொக்கச்சாமி அந்தக் கம்பளியின் ஓரத்தைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துத் தேய்த்துப் பார்த்தான். அன்றைக்கு அந்த மலையில் இந்தச் சாமான்களுக்காக அவர்கள் எத்தனை நாள் பாதையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் தாமதமாக வந்து, ஆள் மாறி ராஜாராமிடம் சேர்ந்திருந்தது. நாங்கள் போட்டிருந்தது கான்வாஸ் சப்பாத்து என்று மூன்று பிரதியில் எழுதிக் கொடுத்தான். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சப்பாத்தின் கண்ணியத்தை முன்னிட்டு, வீரர்களை முழங்காலுக்கு மேலேதான் காட்ட வேண்டும் என்று இருந்தது.

அடுத்தது நொண்டல். "மாமா, கொஞ்சம் நடந்து காமியேன், பாத்துக்கிறேன்" என்று ராஜாராம் பணிவாகத்தான் கேட்டான். மொக்கச்சாமி நடந்து காட்டினான். இடது குதிகாலை ஊன்றி, பாதத்தை லேசாக வெளியே திருப்பி, அவன் எப்போதும் நடக்கிற நடை. உருக்க அதிகாரி இரண்டு முறை பார்த்தார். கேமரா வலப்பக்கம் இருப்பதால் நொண்டல் வலது காலில் இருப்பது நல்லது என்றார். ராஜாராம் வலது காலை இழுத்து, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தரம் வானத்தைப் பார்த்து நடந்தான். கூடி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"உங்கள் நொண்டல் தகவல் தெரிவிக்கிறது" என்று அதிகாரி மொக்கச்சாமியிடம் விளக்கினார். "அவருடைய நொண்டல் உருக்குகிறது. உங்களுடையதில் இயல்பு போதாது."

அன்று சாயங்காலம் எஸ்டேட் லயத்து வீட்டில் சுருளியம்மாள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். மொக்கச்சாமி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே வலது காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தான். வானத்தையும் பார்த்தான். கூரை தெரிந்தது.

"அந்தக் காலுக்கு என்னய்யா ஆச்சு?" என்று அவள் கேட்டாள்.

சண்டைக் காட்சிகளை ஏலக்காட்டில் எடுத்தார்கள். ஏலப்பழம் எடுக்கிற பருவம். ஏலச்செடியில் காய் பிடிக்கிற சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும். ஒருவன் தவழ்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் போய்விடும். எஸ்டேட் சூப்பர்வைசர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சண்டை போடுவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை, "சரம் சவிட்டருது கேட்டோ" என்றார், சரத்தை மிதிக்கக் கூடாது என்று மலையாளத்தில். அதனால் இரண்டு நாட்டுப் படைகளும் களையெடுக்கிற ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நின்று சுட்டுக்கொண்டன. செத்தவர்களும் சரத்தின்மேல் விழக் கூடாது. சுடப்பட்டவன் பாதையிலேயே பத்தடி நடந்து, கல் போட்ட இடத்துக்கு வந்து சேர்ந்து, அங்கே விழுந்தான். எதிரிப்படைக்கு ஆள் போதாமல் பழம் எடுக்கிற ஆம்பளைகளையே போட்டார்கள். அவர்கள் கை சும்மா இராமல், சுட்டுக்கொண்டே போகிற வழியில் பழுத்த காயைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டது. சூப்பர்வைசருக்கு எதிரிப்படை பிடித்துப்போயிற்று.

பனிக்குப் போடியிலிருந்து இலவம் பஞ்சு லோடு லோடாக வந்தது. பஞ்சை அடித்துப் பறக்கவிட, பழம் எடுக்கிற முனியாயியும் ஒச்சம்மாளும் இன்னும் பத்துப் பெண்களும் முகத்தைச் சேலையால் கட்டிக்கொண்டு நின்றார்கள். மஞ்சில் நனைந்த பஞ்சு பறக்காமல் சோற்று உருண்டை மாதிரி விழுந்தது. சிப்பாய்கள் ஓயாமல் தும்மினார்கள். அங்கே பனி பறக்காது, சத்தமில்லாமல் சப்பாத்துக் கண் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று மொக்கச்சாமி எழுதிக் கொடுத்தான். பனிக்குச் சத்தமில்லை என்ற ஒரு வரியை மட்டும் கோடிட்டு ஒலிப்பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒலிப்பிரிவு அந்த இடத்தில் புல்லாங்குழல் சேர்த்தது.

உருக்கப் பிரிவும் சும்மா இருக்கவில்லை. காட்சி எடுக்கும்போதே அழுகை வருகிறதா என்று பார்க்க உள்ளூர்ப் பெண் ஒருத்தியை உருக்கச் சாட்சியாக நியமித்தார்கள். பழம் எடுக்கிற கூலியைவிட அரைப்பங்கு கூடக் கொடுத்தார்கள். போட்டி பலமாக இருந்தது. கடைசியில் சுருளியம்மாளுக்குக் கிடைத்தது. ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஒரு கிளார்க் கடிகாரத்தோடு அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். தொடரில் வாரத்துக்கு இரண்டு அழுகை, முதலாவது பதினோராவது நிமிடத்தில் என்பது கணக்கு.

அவள் முதல் நாளே அழுதாள். ராஜாராம் செத்த தோழனைத் தோளில் தூக்கிக்கொண்டு நொண்டுகிற காட்சி. தோழனாக வந்த மெட்ராஸ் நடிகருக்குப் பஞ்சு ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறியதால், ஒரு பஞ்சு மூட்டைக்கு உடுப்பு மாட்டி ராஜாராம் தோளில் வைத்திருந்தார்கள். மூட்டையைத் தடவி ராஜாராம் அழுத அழுகையில் சுருளியம்மாளுக்கும் கண்ணீர் கொட்டியது. கிளார்க் நேரம் குறித்துக்கொண்டான். மொக்கச்சாமி செடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அவன் காலைப் பார்த்து அவள் ஒரு சொட்டு விட்டதில்லை. மூட்டைக்கு விடுகிறாள்.

"கூலிக்குத்தான அழுத?" என்று வீட்டில் கேட்டான்.

"மொத நாளு கூலிக்கு. ரெண்டாம் நாளு தானா வந்துருச்சு." அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "பாவம்யா அந்தப் பய. ஒன்னையும் இப்படித்தான் எவனாச்சும் தூக்குனானா?"

மொக்கச்சாமி ம் என்றான்.

அந்த வாரம் கடைசிக் காட்சிகளுக்கான கூட்டம். தோழன் எப்படிச் சாகிறான் என்பதில் இரண்டு பிரிவுக்கும் ஒத்துவரவில்லை. தபாலில் தீராமல், ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு அதிகாரிகளும் முதல் தடவையாக ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் மொக்கச்சாமியை நிறுத்தி, அசல் சாவு எப்படி, சுருக்கமாகச் சொல் என்றார்கள். வாயால் சொல்ல அன்றைக்கு மட்டும் அனுமதி.

எதிரில் ஆள் இருப்பதாகவே நினைக்காமல், மேசைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவைப் பார்த்து அவன் சொன்னான். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவை.

"ஆளுக்கு ஒரு கம்பளி சார். ஒன்னு பத்தாது. கன்னையனுக்கு வயித்தால போயிக் காய்ச்சல். மூணு நாளாக் கெடந்தான். மூணாம் நாளு மத்தியானம் நான் அவன் கம்பளிய உருவிப் போத்திக்கிட்டேன். செத்துட்டான்னு நெனச்சு எடுத்தேன்னு சொல்லலாம். சாகல. கண்ணு தெறந்திருந்துச்சு. மொக்கா, குளுருதுடான்னான். நான் திருப்பிக் குடுக்கல. அதுதான் சார் அவன் கடைசியாச் சொன்னது."

உருக்க அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"குளிர்கிறது என்பது கடைசிச் சொல் ஆகாது. அது வானிலை அறிக்கை" என்றார். "வாரியத்தால் அனுமதிக்கப்பட்ட கடைசிச் சொற்கள் மொத்தம் ஏழு. நான்கில் தாய்நாடு வருகிறது. இரண்டில் அம்மா வருகிறாள், அம்மா உயிரோடு இருந்தால் மட்டும். ஏழாவது மௌனம். அது மேஜருக்கு மேலே உள்ளவர்களுக்கு."

தத்ரூப அதிகாரி பேனாவைக் கழுத்திலிருந்து எடுத்துத் துடைத்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "உதவியாளரே, நடந்தது வேறு, தத்ரூபம் வேறு. நடந்தது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். தத்ரூபம் எல்லாருக்கும் தெரியும். நமது சிப்பாய் தோழனின் கம்பளியை எடுப்பான் என்று யாராவது நம்புவார்களா? நானே நம்பவில்லை. நீங்கள் சொல்லும்போதே எனக்குச் செயற்கையாக இருந்தது."

இரண்டு பிரிவினரும் அன்று ஒத்துப்போனார்கள். தோழன் தானாகவே கம்பளியைக் கழற்றி விஜயனுக்குப் போர்த்திவிட வேண்டும். போர்த்திவிட்டு, இதை வைத்துக்கொள் நண்பா, எனக்குத் தாய்நாடு இருக்கிறது என்று சொல்லிச் சாக வேண்டும். எழுதி முடித்ததும் அதிகாரிகள் கைகுலுக்கிக்கொண்டார்கள். தோழனுக்கு விஜயகுமார் என்று பேர் வைக்கலாம் என்றும் முடிவாயிற்று. ஆனால் கிளார்க் மொக்கச்சாமி சொன்னதை எழுதிக்கொண்டே வந்ததில் கன்னையன் என்ற பேர் படிவத்தில் ஏறிவிட்டிருந்தது. ஏறிய பேரை இறக்க மேலிடத்துக்கு எழுத வேண்டும், எட்டு மாதம் ஆகும். அதனால் கன்னையன் கன்னையனாகவே இருந்துகொண்டான். மொக்கச்சாமி கேட்டு எதுவும் நடக்காத அந்த வாரியத்தில், அவன் கேட்காமலே நடந்த காரியம் இது ஒன்றுதான்.

அடுத்த வைகாசியில் தொடர் ஓடி முடிந்தது. கடைசி வாரத்தை எஸ்டேட் கிளப்பில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். பெட்டிக்குள் கன்னையன் நல்ல சிவப்பாக, சீவிய தலையோடு இருந்தான். கம்பளியைக் கழற்றி ராஜாராமுக்குப் போர்த்தினான். ராஜாராம் ஊருக்கு வந்து, ஒரு வாசலில் நின்று, உன் மகன் கன்னையன் இறந்துவிட்டான் தாயே, ஐப்பசி கடைசி நாளில், எனக்குத் தாய்நாடு இருக்கிறது என்று சொல்லி என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கிளப்பில் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். சுருளியம்மாள் கூலி இல்லாமல் அழுதாள். மொக்கச்சாமிக்கு ராஜாராம்மேல் இருந்த பொறாமை போதாதென்று இப்போது கன்னையன்மேலும் வந்துவிட்டது. செத்தும் தாராளமாக இருக்கிறான். நான் பிழைத்துக் கிடந்து என்ன கண்டேன் என்று நினைத்தான். ஆனால் இனி அந்த விலக்கில் இறங்க வேண்டியதில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்து, சோறு நன்றாக இறங்கியது.

நாலாம் நாள் சேதி மலைக்கு வந்தது. முத்துப்பேச்சி பஞ்சாயத்து டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தாளாம். முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய், தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, தெருவே கூடும்படி அழுதாளாம். கேதம் வந்துவிட்டது, கருமாதி செய்கிறேன் என்கிறாளாம். கேதம் சொன்ன ராஜாராமைக் கோடி வாங்கிக்கொள்ள வரச்சொல்லியிருக்கிறாள்.

வாரியத்துக்கும் எப்படியோ தெரிந்து, இரண்டு அதிகாரிகளும் கேமராவோடு மெட்ராசிலிருந்து கிளம்பிவிட்டார்கள். மொக்கச்சாமி போவதாக இல்லை. ராஜாராம்தான் ஜீப்பை எஸ்டேட் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினான்.

"மாமா, நீ கூட வா. அந்த ஆத்தா எதையாச்சும் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? எனக்குத் திண்டுக்கல்லத் தாண்டி எதுவும் தெரியாது."

அவன் கக்கத்தில் அந்த ரோமப் பூட்சு இருந்தது. போட்டுக்கொண்டு வரச்சொல்லி வாரியம் எழுதியிருந்தது. மொக்கச்சாமி பூட்சைப் பார்த்தான்.

"வாரியம் சொல்லிக் குடுத்தத சொல்லு மாப்ளே" என்றான். ஆனாலும் ஏறிக்கொண்டான்.

இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்த விலக்கில் இறங்கினான். கருமாதிப் பந்தலில் மைக் கட்டியிருந்தது. சடங்கு முடிவதற்குள் உருக்க அதிகாரி மைக்கைப் பிடித்துவிட்டார்.

"இந்தத் தாய் இருபத்தைந்து ஆண்டுகளாக அழவில்லை. தந்தியால் முடியவில்லை, உறவினர்களால் முடியவில்லை. எங்கள் வாரியம் நாற்பது நிமிடத்தில் அழவைத்தது. இந்த அழுகையை நாங்கள் ஆண்டறிக்கையில் சேர்க்கிறோம்."

தத்ரூப அதிகாரிக்கு அதைவிடச் சந்தோஷம். "நாங்கள் உருவாக்கிய கன்னையன் என்ற பாத்திரத்தின் பெயரிலேயே ஒருவர் இந்த ஊரில் உண்மையாகவே இறந்திருக்கிறார் என்று அறிந்து பெருமகிழ்ச்சி அடைகிறேன். எங்கள் தத்ரூபத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை" என்றார். மொக்கச்சாமி சொன்னதெல்லாம் கோப்பில் இருந்தது. கோப்பை அவர் திறக்கவில்லை.

முத்துப்பேச்சி பேச்சு முடிகிறவரை பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். வற்றிய உடம்பு, தெளிவான கண். கோடிவேட்டியைத் தாம்பாளத்தில் வைத்து ராஜாராமிடம் நீட்டினாள். அவன் பூட்சுக் காலோடு குனிந்து வாங்கினான். கேமரா ஓடியது. ஊரே பார்க்கத் தன் கையில் வந்திருக்க வேண்டிய வேட்டி அவன் கையில் இருப்பதை மொக்கச்சாமி வேலியோரமாக நின்று பார்த்தான். பல்லைக் கடித்திருந்தது அவனுக்கே தெரியவில்லை.

"வேசக்காரன்னு தெரியாமக் குடுக்கறேன்னு நெனைக்காதீக" என்று அவள் அதிகாரிகளைப் பார்த்துச் சொன்னாள். "போடி மார்க்கெட்டுல ஜீப்புக்கு ஆள் கூவுற பய. நானே இவன் கூவி ஏறியிருக்கேன். எவனாச்சும் ஒருத்தன் வாசல்ல வந்து நிப்பான்னு இம்புட்டு வருசம் பாத்தேன். பாத்தவன் வரல. வேசக்காரனாவது வந்தான். நானும் எத்தன நாளைக்கு ஒக்காந்திருக்கது. எனக்கும் வயசாயிப்போச்சு."

பிறகு அவள் பார்வை வேலியோரம் வந்து நின்றது.

"நீ பொட்டிபுரத்துக்காரன் தான. எம்மகன் கூடப் போனவன்."

"ஆமாத்தா."

"இங்க வாப்பு."

போனான். நொண்டல் இடது காலில் வந்தது. கன்னையன் சாடையில் இருந்த அந்த மூக்கைப் பார்க்காமல் அவள் காதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்தக் கம்பளிய அவனாத்தான் குடுத்தானா?"

மொக்கச்சாமிக்கு மூன்று சொல்லும் நாக்கின்மேல் வந்து நின்றன. பேர், நாள், கடைசியாகச் சொன்னது. இப்போது சொன்னால் வேட்டி கைமாறும், வாரியம் வெட்கப்படும், ராஜாராம் பூட்சைக் கழற்றுவான். இத்தனையும் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சொல்லில் அவன் பேர் இருந்தது. மொக்கா என்று தொடங்குகிற சொல் அது.

"ஆமாத்தா" என்றான். "அவனாத்தான் குடுத்தான்."

முத்துப்பேச்சி கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். "சின்னதுல ஒரு முறுக்கக்கூட பங்கு வைக்க மாட்டான்" என்றாள். "பட்டாளத்துல போயித் திருந்தியிருக்கான் போல."

சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. அதற்குள் உருக்க அதிகாரி மொக்கச்சாமியின் தோளைத் தொட்டு, கேமராவை மறைக்கிறீர்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார். தள்ளி நின்றான். வீரனும் வீரத்தாயும் மட்டும் இருக்கிற மாதிரி இன்னொரு தடவை வேட்டியைக் கொடுத்து வாங்கச்சொல்லி எடுத்தார்கள். முதல் தடவை வெளிச்சம் போதவில்லையாம்.

மொக்கச்சாமி ஜீப்புக்குக் காத்திராமல் விலக்குக்கு நடந்தான். முத்துப்பேச்சி கருமாதி செய்துவிட்டாள், கோடி கொடுத்துவிட்டாள், அவள் பக்கத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கன்னையனின் கேதம் ஒன்று மட்டும் மொக்கச்சாமி அவளுக்குச் சொல்ல இன்னும் பாக்கி.